டி டிரைவில் அனார் வைக்காதது

என் வீட்டுக்காரரின் அண்ணன் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாது. மாமனார் பெயரையும் சொல்லக் கூடாது. நாரின் என்ற இந்த மலையூருக்கு மருமகளாக வந்த அன்றைக்கு, தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு மாமியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். மாமனார் பெயருக்குள் எங்கள் மொழியில் இரும்பு என்ற சொல் வருகிறது. அதனால் இரும்பை நான் 'கெட்டியானது' என்பேன். கடைக்குப் போய், "அந்தக் கெட்டியானதுல செஞ்ச வாணலி ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரன் இன்றைக்கும் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் மருமகளாக இருந்து பார்த்தால் தெரியும்.

ஆகையால் வீட்டுக்காரரின் அண்ணனை வாத்தியார் என்றே சொல்கிறேன். ஊருக்கும் அவர் 'அகாய்' தான். வாத்தியாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தினார். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அவர் பௌதிகம் நடத்தியதே தெரியாது, விண்டோஸ் போடுகிறவர் என்றுதான் தெரியும். யார் வீட்டுக் கம்ப்யூட்டர் திக்கித் திணறினாலும் வாத்தியார் சட்டைப் பையில் பென் டிரைவோடு போய் நிற்பார். எல்லாம் திருட்டு விண்டோஸ். காசு கொடுத்து வாங்கியவர் என்று எங்கள் தெருவில் ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அதைத் தப்பு என்று நினைத்தவர்களும் இல்லை, ஒரே ஒருத்தியைத் தவிர.

போகிற வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே வாத்தியார் ஒரு கேள்வி கேட்பார்: "எல்லாத்தையும் டி-யில போட்டாச்சா?" அவருடைய வேலை முழுக்க அந்தக் கேள்விக்குள் அடங்கியது. கம்ப்யூட்டரை சி என்றும் டி என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார். விண்டோஸ் சி-யில் இருக்கும். கெட்டுப்போனால் சி-யை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவார். டி-யில் கை வைக்க மாட்டார். கல்யாண வீடியோ, இறந்தவர்கள் போட்டோ, பிள்ளைகளின் பரீட்சைப் பாடம் எல்லாம் டி-யில் போட்டுவிட்டால் காலத்துக்கும் கவலையில்லை. ஊர் முழுக்க இது பழகிப்போய், "நகையெல்லாம் டி-யில போட்டியா?" என்று கல்யாணப் பெண்ணைக் கேலி செய்கிற அளவுக்கு வந்துவிட்டது.

தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் டி-க்கு அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். அப்பா பெயர். அதாவது என் மாமனார் பெயர்.

"அப்பா இருந்த வரைக்கும் இந்த வீட்டுல ஒரு ஊசி தொலைஞ்சதில்ல. அதான் அவர் பேரு" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. பிள்ளைப் பாசம். நான் என்ன சொல்ல?

அவர் மனைவி அனார், என் ஓரகத்தி. எனக்கு வயதில் மூத்தவள் என்பதால் எஜே என்று கூப்பிடுவேன், அக்கா என்பது போல. இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே கேட், ஒரே தண்ணீர்க் குழாய். ஓரகத்திகள் என்றால் குழாயடியில் சண்டை வர வேண்டும் அல்லவா? எங்களுக்குள் வந்ததில்லை. சண்டையெல்லாம் நான் மற்றவர்களோடு போட்டுக்கொள்வேன். அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பேச்சு குறைவு. ஆனால் பேசினால் குத்தும்.

"ஏங்க, திருட்டுச் சாமானைத் தலைக்குள்ள வச்சிருக்கிற பெட்டி பக்கத்துல நின்னு நமாஸ் பண்ண எனக்குக் கூசுது" என்பாள் வாத்தியாரிடம்.

"உலகமே அதைத்தான் வச்சிருக்கு, அனார்."

"உலகத்துக் கணக்கை உலகம் பார்த்துக்கட்டும். நம்ம கணக்கை நாம பார்க்கணும்ல?"

"மாத்திடறேன், மாத்திடறேன். இப்பல்லாம் சும்மாவே கொடுக்கிறாங்களாம். ஒருநாள் உக்காந்து மாத்திடறேன்."

"எப்ப? நான் போனதுக்கு அப்புறமா?"

எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அது வெறும் கேலிதான்.

அந்தப் பெட்டியில் அவளுக்கென்று தனிக் கதவு ஒன்று வைத்துக்கொடுத்திருந்தார் வாத்தியார். கம்ப்யூட்டரைத் திறந்தால் இரண்டு வட்டம் வரும். ஒன்றில் அவர் படம், மற்றதில் சிவப்புத் தலைத்துணியோடு அனார். அவள் வட்டத்தைத் தொட்டால் அவள் அறை. உள்ளே போனால் கண்ணைக் கட்டும். முகப்புத் திரை முழுக்க அவள் சாமான்: மாஸ்கோவில் இருக்கிற மகளின் போட்டோக்கள், வெள்ளரிக்காய்க்கு உப்புக் கணக்கு, கம்பளி விரிப்புக்குப் பூ வடிவங்கள், தைக்கக் கொடுத்த அளவுகள். எல்லாம் முன்னாலேயே இறைந்து கிடக்கும். சி-யில்தான் அதெல்லாம். டி-யில் ஒன்றுகூடக் கிடையாது.

"டி-யில போடுங்கன்னு அகாய் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. நீங்க என்னடான்னா வாசல்லயே கடை விரிச்சிருக்கீங்க" என்றேன் ஒருநாள்.

"நீயே சொல்லுடி புருல். அதுமேல மாமனார் பேரு எழுதியிருக்கு. அதைத் திறந்து என் ஊறுகாய்க் கணக்கையும் உள்பாவாடை அளவையும் அவர் மடியில வைக்கட்டுமா? அவர் எதிர்ல நான் காலை நீட்டி உக்கார்ந்ததுண்டா?"

"அவரு போய் எத்தனை வருஷம் ஆச்சு எஜே!"

"அவரு போனா மரியாதையும் கூடவே போயிடுமா?"

என்னைக் கேட்டால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறை வாத்தியார் தன் வீட்டு சி-யையும் துடைப்பார். "நாளைக்குப் புதுசா போடப் போறேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். உடனே அனார் என்னைத் தேடி ஓடி வருவாள். உப்பு டப்பாவுக்குள் துணியில் சுற்றி ஒரு பென் டிரைவ் வைத்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து, அவள் சாமானையெல்லாம் அதில் அள்ளிப் போடுவோம். அவர் வேலை முடித்ததும் திரும்ப எடுத்து வந்து அதே இடத்தில் இறைப்போம். வாத்தியாருக்கு இது கடைசி வரை தெரியாது. "சொன்னா சிரிப்பாரு, வேணாம்" என்பாள். புருஷன் சிரித்துவிடுவான் என்று உப்பு டப்பாவில் உலகத்தை ஒளித்து வைத்த பெண் அவள்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தபோது மருந்து பிடிக்கிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டுகிறவர். அந்த வேனிலேயே எத்தனையோ தடவை கூட்டிப் போனார்கள், கூட்டி வந்தார்கள். கடைசியில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் வாத்தியார் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அனார் ஜன்னலைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கச் சொன்னாள். தலைத்துணிக்கு மேல், மகளோடு பேசுகிற ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முகம் அவ்வளவு சிறுத்துப் போயிருந்தது, ஹெட்போன் நழுவி நழுவி விழுந்தது. நான்தான் பிடித்துச் சரி செய்தேன்.

"குரல் பதியறது எங்க இருக்கு, காட்டு."

காட்டினேன். "யாருக்கு எஜே?"

"வேற யாருக்கு? போறவங்க சொல்லிட்டுத்தானே போகணும். நேர்ல சொல்ல என்னால முடியல. அந்த முகத்தைப் பார்த்தா வார்த்தை வர மாட்டேங்குது."

எங்களில் போகிறவர்கள் வீட்டாரைக் கூப்பிட்டு வைத்துக் கடைசி வார்த்தை சொல்வது வழக்கம். என் மாமனார் சொன்னார், மாமியார் சொன்னாள். மன்னிப்புக் கேட்பது, மன்னிப்பது, யாரை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லாம் அதில்தான் வரும். அதைச் சொல்லாமல் போனவர்களைப் பற்றி ஊரில் இரக்கத்தோடு பேசுவார்கள்.

"போன்லயே பேசிப் பதியலாமே?"

"போன் நாளைக்கு யார் கைக்குப் போகுமோ. இது வீட்டை விட்டு எங்கயும் போகாது."

பிறகு சத்தியம் வாங்கிக்கொண்டாள். வருஷம் திரும்பி, ஆஷ் விருந்து போட்டு, துக்கம் கழித்த பிறகுதான் அவரிடம் சொல்ல வேண்டும். "முன்னாடியே கேட்டாருன்னா படுத்த படுக்கையா ஆயிடுவாரு. ஆஷ் முடிஞ்சு ஜனமெல்லாம் போனதும் வீடு வெறிச்சுன்னு இருக்கும்ல, அப்ப சொல்லு. அப்பதான் தேவைப்படும்."

சிவப்புப் பொத்தானை நான்தான் அழுத்தினேன். "போ வெளிய" என்றாள். போனேன். கதவைச் சாத்துகிற நேரத்தில் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை என் காதில் விழுந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பிறகு, இது எனக்கான பேச்சு இல்லை என்று முற்றத்துக்கு வந்து, காரணமே இல்லாமல் விறகை எடுத்து அடுக்கினேன்.

நவம்பரில் அனார் போய்விட்டாள். அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. வாத்தியார் தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறப்பார். இரண்டு வட்டம் வரும். சிவப்புத் தலைத்துணியைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு தன் வட்டத்தைத் தொட்டு உள்ளே போய்விடுவார். அவள் வட்டத்தை ஒருநாளும் தொடவில்லை. "அவ அறை. அப்படியே இருக்கட்டும்" என்றார். நான் மனதுக்குள், இருங்க, ஆஷ் முடியட்டும், உங்களுக்கு அங்கே ஒன்று காத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த வருஷம் முழுக்க எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அடுத்த அக்டோபரில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. பழைய விண்டோஸுக்கு இனிமேல் பராமரிப்பு கிடையாதாம். புதியதைப் போடலாம் என்றால், உங்கள் பெட்டி அதற்குத் தகுதியில்லை என்று திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. திருட்டு விண்டோஸுக்கும் அதே கதிதான். "தகுதியில்லைன்னு சொல்ல அது யாரு? நான் பொண்ணா கேட்டேன்?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். எல்லோரும் வாத்தியார் வீட்டுக்கு வந்து நின்றார்கள்.

வாத்தியார் லினக்ஸ் என்ற ஒன்றைப் படிக்க உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய பெட்டியில் போட்டுப் பார்த்தார். சாப்பிட வரும்போது அதைப் பற்றியே பேசினார். ஒரு வருஷமாக வாயே திறக்காத மனிதர், பேசட்டும் என்று நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எங்கெங்கயோ இருக்கிறவங்க எழுதி, யார் வேணாலும் எடுத்துக்கோங்கன்னு வச்சிட்டுப் போயிருக்காங்க. உள்ள எப்படி செஞ்சிருக்குன்னு திறந்தும் பார்க்கலாம். திருட வேண்டியதே இல்ல."

"சும்மா கொடுக்கிறாங்கன்னா உள்ள என்ன வில்லங்கமோ" என்றார் என் வீட்டுக்காரர்.

"உன் வேன்ல வழியில நிக்கிற கிழவங்களை நீ சும்மா ஏத்திக்கிறதில்ல? அதுல என்ன வில்லங்கம்?"

என் வீட்டுக்காரர் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

ஆஷுக்கு முந்தின நாள். முற்றத்தில் யூர்ட் கூடாரம் போட்டாகிவிட்டது. குதிரை அறுத்து, பெரிய கொப்பரைகளில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து மாவு பிசைந்து, போர்சோக் ரொட்டி பொரித்துக் குவித்துக்கொண்டிருந்தோம். புகையில் கண் எரிகிறது, மூக்கு ஒழுகுகிறது. அப்போது வாத்தியார் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். முகத்தில் சிரிப்பு. ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் பார்க்கிற சிரிப்பு.

"புருல், கையைத் துடைச்சிட்டு உள்ள வா. ஒண்ணு காட்டணும்."

மாவுக் கையோடு போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு ஏரி. எழுத்தெல்லாம் புதிதாக இருந்தது.

"அனார் கேட்டது ஆச்சு. இன்னையிலருந்து இந்த வீட்டுல திருட்டுச் சாமான் கிடையாது. நாளைக்கு அவ பேர்ல குரான் ஓதறப்ப வீடு சுத்தமா இருக்கணும்னு நினைச்சேன்."

எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. நல்லது அகாய் என்றுகூடச் சொன்னேன். அப்புறம்தான் கண் அந்தச் சிவப்பைத் தேடியது.

"எஜேயோட வட்டம் எங்க?"

"எது?"

"சிவப்புத் துணி கட்டின படம். அவங்க கதவு."

"ஓ, அதுவா. மனசில்லாமத்தான் விட்டேன், அது பழசோட போயிடுச்சு. படம் என்கிட்ட இருக்கு, திரும்ப வச்சுக்கலாம். எல்லாம் பத்திரமா இருக்கு. டி மொத்தத்தையும் வெளி டிஸ்க்ல எடுத்து, ரெண்டு தடவ சரிபார்த்து, அதுக்கப்புறம்தான் முழுசா அழிச்சேன்."

"டி-யில இல்லாதது?"

"நம்ம வீட்டுல டி-யில இல்லாதது என்ன இருக்கு?"

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஆஷ் முடியட்டும் என்று சத்தியம் செய்திருந்தேன், தெரியும். அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு இனி என்ன செய்ய?

"அகாய், எஜே பேசி வச்சிருந்தாங்க. உங்களுக்கு. கடைசி வார்த்தை. ஆஷ் முடிஞ்சதும் சொல்லச் சொன்னாங்க."

"எங்க பேசி வச்சா?"

"அவங்க கதவைத் திறந்தா, முன்னாலயே."

அவர் கை போய் மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியது. திரை அணைந்தது. ஏன் அப்படிச் செய்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அழிந்ததன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாமல் தடுக்கிறாராம். வயரைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"டி-யில ஏன் வைக்கல? எத்தனை தடவ சொல்லியிருக்கேன் அவகிட்ட?"

"அதுமேல மாமனார் பேரு இருந்துச்சு."

வாத்தியார் என்னைப் பார்த்தார். புரிய அவருக்கு நேரம் ஆகவில்லை. மருமகள்களோடு வாழ்ந்த வீட்டில் பிறந்தவர்தானே.

"நான்தானே வச்சேன் அந்தப் பேரை" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூத்தவர் முன்னால் குரல் உயர்த்தக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது. "ஊர்ல ஒரு வீடு விடாம கேட்டீங்களே அகாய்! டி-யில போட்டாச்சா, டி-யில போட்டாச்சான்னு! சொந்த வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? அந்தக் கதவை ஒருதடவ திறந்து பார்த்திருந்தா என்ன?" என்று கத்திவிட்டேன். வெளியே பெண்கள் பேச்சை நிறுத்தியது தெரிந்தது. பாவி, நான் கத்தியதற்குப் பதில் அழுதிருக்கலாம்.

திடீரென்று உப்பு டப்பா ஞாபகம் வந்தது. சமையலறைக்கு ஓடினேன். டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். துணிச் சுருள் இருந்தது! அதை எடுத்துக்கொண்டு, முழங்கை வரை உப்பும் மாவுமாக முற்றத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு ஓட, வாத்தியார் பின்னாலேயே வந்தார். என் வீட்டுக்காரரின் லேப்டாப்பில் செருகினோம். மகள் போட்டோக்கள், பூ வடிவங்கள், வெள்ளரிக்காய்க்கு உப்பு, அளவுகள். எல்லாம் இருந்தது. கடைசித் தடவை வாத்தியார் புதிதாகப் போட்டபோது அள்ளியது அது. அப்போது அனாருக்கு வயிற்று வலிகூட ஆரம்பிக்கவில்லை. குரல் எப்படி இருக்கும்? இருந்தும் அவர் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று போய்க்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர்தான் கடைசியில், "அண்ணே, போதும்ணே, ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க" என்று தோளைத் தொட்டார்.

மறுநாள் ஆஷ் நடந்தது. குதிரையை அறுத்த பிறகு எதை நிறுத்த முடியும்? வாத்தியார் கேட்டருகே நின்று வருகிறவர்களைக் கை கொடுத்து வரவேற்றார். எல்லோரும் சாப்பிட்டார்கள், குரான் ஓதினார்கள், அனார் நல்லவள் என்றார்கள். அவள் போட்ட வெள்ளரிக்காய் மாதிரி எங்கேயும் சாப்பிட்டதில்லை என்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியை அழுதாள். சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். அனார் சொன்ன மாதிரியே வீடு வெறிச்சென்று இருந்தது.

அதன் பிறகு அவர் அந்த டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு பெட்டியில் மாட்டி, அழிந்ததைத் தோண்டி எடுக்கிற வேலையில் இறங்கினார். அதற்கும் யாரோ எங்கேயோ எழுதிச் சும்மா கொடுத்த ஒன்றைத்தான் வைத்துத் தோண்டினார். சோறு கொண்டுபோய் வைத்தால் அப்படியே இருக்கும். என்னென்னவோ கிடைத்தது. மகளின் முகத்தில் பாதி வந்தது, மீதி சாம்பல் பட்டை. வெள்ளரிக்காய்க் கணக்கு மட்டும் முழுசாக வந்தது. குரல் வரவில்லை. என் வீட்டுக்காரர் டிஸ்க்கைக் கம்பளியில் சுற்றி, வேனில் தன் பக்கத்து சீட்டில் வைத்து, பிஷ்கெக்கில் இதற்கென்றே இருக்கிற ஒருவரிடம் கொண்டுபோனார். அவரும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அந்த இடத்தின் மேலேயே புதியது எழுதிவிட்டதாம். அந்த மலையும் ஏரியுமோ, வேறு எதுவோ, அவள் பேசிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

"திருட்டை விட்டதுக்கு எனக்குக் கிடைச்ச கூலி" என்றார் வாத்தியார் ஒரே ஒருமுறை. அதற்கப்புறம் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகள் மாஸ்கோவிலிருந்து போனில் அழுதபோதும் அவர்தான் அவளைத் தேற்றினார்.

ஊர்க்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டேதான் இருந்தார்கள். இனிமேல் இந்த மனிதர் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார் என்று நான் நினைத்தேன். தொட்டார். எல்லோருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார். ஆனால் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதில்லை. ஆம்பளை மட்டும் பெட்டியோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

"வீட்டுல உள்ளவங்களைக் கூட்டிட்டு வா."

"எதுக்கு அகாய்? எல்லாம் டி-யிலதான் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியாது. கூட்டிட்டு வா."

பெண்கள் வந்து கூச்சத்தோடு உட்காருவார்கள். அவர் நாற்காலியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, "எங்கெங்க என்னென்ன வச்சிருக்கீங்களோ நீங்களே எடுத்துக் குடுங்க, நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லி, முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பார். அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் என் காதுபடச் சொல்வதில்லை, அதுவரைக்கும் அவர்களுக்கு நல்லது.

வியாழக்கிழமைகளில் நாங்கள் வாணலியில் எண்ணெய் காய வைத்து ரொட்டி பொரிப்போம். போனவர்களுக்கு அந்த வாசம் போய்ச் சேரும். அனாருக்காக வாத்தியார் வீட்டு அடுப்பில் நான்தான் பொரிக்கிறேன். ஆஷ் முடிந்து சில மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பொரித்துக்கொண்டிருக்கும்போது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"புருல், அன்னைக்கு நீ கூட இருந்தல்ல?"

"இருந்தேன் அகாய். பொத்தானை அழுத்திட்டு வெளிய வந்துட்டேன்."

"ஒண்ணுமே கேட்கலையா?"

நான் வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரே ஒரு வார்த்தை. கதவைச் சாத்தறப்ப."

"என்ன வார்த்தை? 'ஏங்க'ன்னாளா?" கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். "அப்படித்தானே கூப்பிடுவா. 'ஏங்க'ன்னு. இல்லன்னா 'பொண்ணோட அப்பா'ன்னு. முப்பது வருஷம் அதான்."

"இல்ல அகாய்."

"பின்ன?"

என்ன செய்வேன்? அந்த வார்த்தை என் வாய்க்குள் வரக் கூடாத வார்த்தை. மாமியார் என் காதில் ஓதியதை இந்தத் தலை நரைத்த வரைக்கும் நான் மீறியதில்லை. அனாரும்தான் மீறியதில்லை. ஆனால் ஒரே ஒருமுறை அவள் மீறினாள். சாகப்போகிற நேரத்தில், ஆளில்லாத அறையில், ஒரு பெட்டியிடம். அந்தப் பெட்டி அவரிடம் சொல்லவில்லை. இந்த உலகத்தில் அதைக் கேட்ட காது இனி என்னுடையது ஒன்றுதான். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லு" என்றார்.

"எசென்குல்" என்றேன்.

என் காது மடல் இரண்டும் எரிந்தது. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது, ரொட்டி கருகிவிட்டது, எடுக்கத் தோன்றவில்லை.

"என் பேரைச் சொன்னாளா?"

"ஆமா. பேரைச் சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க."

அவர் வாசற்காலைப் பிடித்துக்கொண்டார். "எப்படிச் சொன்னா? கோபமாவா?" என்று கேட்டார்.

"கோபமா எல்லாம் இல்ல. மெதுவா. பக்கத்துல தூங்கறவங்களை எழுப்பற மாதிரி."

"அப்படியே ஒருதடவ சொல்லேன்."

அனார் மாதிரி எனக்குக் குரல் வராது. என் குரல் கடைத்தெருவுக்கே கேட்கிற குரல். இருந்தாலும் அடக்கி, மெதுவாக, அவள் சொன்ன மாதிரி சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். கருகின ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது வியாழக்கிழமை எண்ணெய் காய்ந்து வாசம் எழும்பினதும் அவர் வந்து வாசலில் நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் ஒருமுறை சொல்வேன். கேட்டுவிட்டுப் போவார்.